ஒரு ராத்திரிக்கு 40,000 ரூபாய்: ஃபோர் வீல் டிரைவ் கேம்பிங் வேன் நமக்குத் தேவையா?



கார் லோன் வீடியோ போட்டதுக்கு அப்புறம் நிறைய கேள்வி வந்துச்சு. அதுல ஒண்ணை மட்டும் தனியா எடுத்து வைச்சிருந்தேன். வீடியோல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாது, கணக்கு நிறைய இருக்கு. அதனால இங்க எழுதறேன்.

கேட்டவர் நம்ம லாஸ்பேட்டைக்காரர்தான். புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. கைக்கு வர்ற சம்பளம் சேர்த்து மாசம் 90,000. சொந்த வீடு, பெரிய கடன் இல்லை. பொண்ணு ஏழாவது படிக்குது. கையில 3 லட்சம் சேர்த்து வைச்சிருக்காங்க. கேள்வி இதுதான்: "சின்னதா ஒரு ஃபோர் வீல் டிரைவ் வேன் வாங்கி, உள்ளேயே படுக்கை போட்டுக்கிட்டு ஜவ்வாது மலை, கல்வராயன் மலைன்னு போய்த் தங்கிட்டு வரணும்னு ஆசை. எதை வாங்கலாம்?"

நல்ல ஆசை. ஹோட்டல் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 4,000 ரூபாய் கொடுக்கறதை விட இது எவ்வளவோ மேல். ஆனா என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: வேன் வாங்குங்க, ஃபோர் வீல் டிரைவை வாங்காதீங்க. அது தேவைப்படற அந்த ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்க. ஏன்னு கீழே பார்ப்போம்.

அந்த வேன் நம்ம ஊர்ல இல்லவே இல்லை

இந்த ஆசை எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். ஜப்பான் வீடியோக்கள். ராத்திரி பனி கொட்டும், குட்டி வேனுக்குள்ள ஒருத்தர் நூடுல்ஸ் செஞ்சு சாப்பிட்டுத் தூங்குவார். அந்த வேன் பெரும்பாலும் சுசூகி எவ்ரி, இல்லைன்னா டைஹாட்சு ஹைஜெட். ஜப்பான்ல 'கே' வகைன்னு ஒரு சட்ட வரையறை இருக்கு. நீளம் 3.4 மீட்டருக்குள்ள, அகலம் 1.48 மீட்டருக்குள்ள, இன்ஜின் 660 சிசிக்குள்ள இருந்தா வரி கம்மி. பனி விழற மலை ஊர்ல விவசாயியும் கடைக்காரரும் ஓட்டணும்னு அதுலயே ஃபோர் வீல் டிரைவும் கொடுக்கறாங்க. நம்மளுக்குக் கேம்பிங் வேனா தெரியறது அங்க காய்கறி ஏத்தற வண்டி.

இலங்கையில இருக்கற நம்ம வாசகர்களுக்கு இந்த வண்டி புதுசு இல்லை. ஜப்பான்ல ஓடிப் பழசான எவ்ரி அங்க தெருவுக்குத் தெரு ஓடுது. 2020-ல நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பிப்ரவரியில தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டாங்க. அதனால அங்க இருக்கறவங்களுக்கு இது நிஜமான தேர்வு. ஆனா நமக்கு அப்படி இல்லை. இந்தியாவுக்குப் பழைய கார் இறக்குமதி பண்ணணும்னா வண்டி மூணு வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, அதுக்கு மேல கஸ்டம்ஸ் வரி. காய்கறி வேனுக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்துலயும் ஒத்துவராது.

நம்ம ஊர்ல வேன்னு சொன்னா மாருதிதான். 1984-ல வந்த ஆம்னி 2019-ல நின்னுச்சு. 2010-ல வந்த ஈக்கோ இன்னும் ஓடுது. இதுல ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. ஃபோர் வீல் வேணும்னா ஜிப்ஸி இருந்துச்சு, 1985-ல வந்து 2019 வாக்குல முடிஞ்சு போச்சு.

ஆக, கையில இருக்கற சீட்டு இவ்வளவுதான்:

ஒண்ணு, மாருதி ஈக்கோ. வேன், ஆனா பின் சக்கரத்துக்கு மட்டும் பவர்.

ரெண்டு, மாருதி ஜிம்னி. ஃபோர் வீல், லோ ரேஞ்ச் எல்லாம் உண்டு, ஆனா வேன் இல்லை. 2023-ல வந்தது.

மூணு, மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா. கெட்டியான வண்டிகள், ஆனா விலை இன்னும் மேல. தார்னு பேர் இருந்தாலே ஃபோர் வீல்னு நினைச்சிடாதீங்க. 2023-லேர்ந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கற தாரும் விக்கறாங்க. வெளியிலேர்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது.

நாலாவது ஒரு வழி இருக்கு, பழைய ஜிப்ஸி. இதைப் பத்தி ஒரே வரி: பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்சி, மறுபதிவு, கட்டணம்னு ஆரம்பிச்சுடும். காருக்கு மறுபதிவுக் கட்டணம் 5,000, இருபது வருஷம் தாண்டினா 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. வண்டியை நோண்டறதே பொழுதுபோக்குன்னா வாங்குங்க. குடும்பத்தோட போய்ட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி வீடு திரும்பணும்னா வேண்டாம்.

அதனால உண்மையான போட்டி ஈக்கோவுக்கும் ஜிம்னிக்கும்தான்.

ஜிஎஸ்டி மாத்தினதுல யாருக்கு லாபம்?

2025 செப்டம்பர் 22-லேர்ந்து கார் ஜிஎஸ்டி மாறிச்சு இல்லையா, இந்தக் கேள்விக்கு அது ரொம்ப முக்கியம். பெட்ரோல்னா 1,200 சிசிக்குள்ள, டீசல்னா 1,500 சிசிக்குள்ள, நீளம் 4 மீட்டருக்குள்ள இருந்தா 18 சதவீதம். இதுல ஏதாவது ஒண்ணு மீறினாலும் 40 சதவீதம்.

ஈக்கோ 1,197 சிசி. 18-ல உட்கார்ந்துச்சு. முன்னாடி செஸ் சேர்த்து 29 சதவீதம் இருந்தது. ஜிம்னி நீளம் 4 மீட்டருக்குள்ளதான், ஆனா பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. அதனால 40. முன்னாடி 45 இருந்தது, கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். தார்லயும் இதே கதை. பின் சக்கரம் மட்டும் இழுக்கற 1.5 லிட்டர் டீசல் தார் 18-க்குள்ள வருது. ஃபோர் வீல் தார்ல 2 லிட்டர் பெட்ரோல், இல்லைன்னா 2.2 லிட்டர் டீசல், அதனால 40.

ஃபோர் வீல் டிரைவுக்குன்னு தனியா வரி போடலை. ஆனா நம்ம ஊர்ல ஃபோர் வீல் வர்ற வண்டியில எல்லாம் பெரிய இன்ஜின் இருக்கு. அதனால அந்த ஆசைக்குப் போற காசுல பெரிய பங்கு அரசாங்கத்துக்குப் போகுது. முன்னாடி ரெண்டு வண்டிக்கும் வரி வித்தியாசம் 16 புள்ளி, இப்போ 22 புள்ளி.

நம்ம பாண்டிச்சேரியில ரோடு டாக்ஸ் கம்மிங்கறது எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 5 முதல் 10 லட்சம் வரை உள்ள காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சத்துக்கு 18 சதவீதம். அதனால திண்டிவனத்துல, கடலூர்ல இருக்கற சொந்தக்காரங்க "உங்க அட்ரஸ்ல வாங்கித் தாயேன்"னு கேப்பாங்க. பண்ணாதீங்க. வேற மாநிலத்துல தொடர்ந்து 12 மாசத்துக்கு மேல வண்டி இருந்தா அங்க மறுபதிவு பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு. ஆர்.சி. உங்க பேர்ல இருந்து ஆக்ஸிடென்ட் அங்க நடந்தா கோர்ட்டுக்கு நீங்கதான் போகணும்.

சரி, கணக்குக்கு வருவோம்

விலை மாசத்துக்கு மாசம் மாறும். அதனால கீழே இருக்கறதை உதாரணமா எடுத்துக்கிட்டு உங்க கொட்டேஷனை வைச்சு மாத்திப் போட்டுப் பாருங்க.

ஜிம்னி ஆன்ரோடு 14 லட்சம். கையிலேர்ந்து 3 லட்சம், லோன் 11 லட்சம், 9 சதவீத வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 17,700. மொத்த வட்டி 3.87 லட்சம்.

ஈக்கோ ஆன்ரோடு 6.5 லட்சம். அதே 3 லட்சம் முன்பணம், லோன் 3.5 லட்சம், அதே 9 சதவீதம், 4 வருஷம். இஎம்ஐ சுமார் 8,710. மொத்த வட்டி 68,000.

கார் விஷயத்துல நான் எப்பவும் சொல்ற 20-4-10 ஞாபகம் இருக்கா? விலையில 20 சதவீதமாவது முன்பணம், 4 வருஷத்துக்கு மேல லோன் வேண்டாம், இஎம்ஐ சம்பளத்துல 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவங்க சம்பளம் 90,000. பத்து சதவீதம்னா 9,000. ஈக்கோ உள்ள வருது. ஜிம்னி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

"வங்கி 11 லட்சம் தர்றேன்னு சொல்லுதே?" வங்கி தரும். உங்க சிபில் ஸ்கோர் நல்லா இருந்தா இன்னும் கூடத் தரும். வங்கி பார்க்கறது உங்களால கட்ட முடியுமான்னு. கட்டினதுக்கு அப்புறம் மிச்சத்துல என்ன பண்ணுவீங்கன்னு அது பார்க்காது.

இப்போ பொண்ணு ஏழாவது. பன்னிரண்டாவது முடிச்சு காலேஜ் சேர்ற வருஷத்துல இந்த ஏழு வருஷ லோன் இன்னும் முடிஞ்சிருக்காது. முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்துலயும் 17,700 போய்க்கிட்டே இருக்கும். அப்போ என்ன பண்ணுவாங்க? நகையை அடகு வைப்பாங்க, இல்லைன்னா கல்விக் கடனை இன்னும் கொஞ்சம் பெருசா வாங்குவாங்க. பார்க்கறவங்களுக்கு அது படிப்புச் செலவாத் தெரியும். உண்மையில அது வண்டிச் செலவு.

மாத்தி யோசிச்சுப் பாருங்க. ஈக்கோ எடுத்து, மிச்சமாகற 9,000 ரூபாயை முதல் நாலு வருஷம் ஆர்.டி. மாதிரி பாதுகாப்பான இடத்துல போடறாங்க. லோன் முடிஞ்சதும் அடுத்த மூணு வருஷம் முழு 17,700-ஐயும் போடறாங்க. 7 சதவீதம் கிடைச்சாலே ஏழு வருஷத்துல சுமார் 13 லட்சம் சேருது. வட்டிக்கு வருமான வரி போனாலும் ஒரு நல்ல டிகிரிக்கான காசு அது. இந்த முடிவுல பணயம் வைக்கறது அதைத்தான்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

நியாயமாப் பார்க்கணும்னா ஜிம்னிக்குச் சாதகமானதையும் சேர்க்கணும். ஏழு வருஷம் கழிச்சு விக்கும்போது ஈக்கோவை விட 3 லட்சம் அதிகம் கிடைக்கும்னு வைச்சுக்குவோம். இன்சூரன்ஸ்ல தேர்டு பார்ட்டி ரெண்டுக்கும் ஒரே ஸ்லாப்தான், 1,000 முதல் 1,500 சிசி. ஆனா வண்டி விலையைப் பொறுத்த ஓன் டேமேஜ் பகுதி கூடும். வருஷத்துக்கு 12,000 கூடுதல்னு போடறேன். பெட்ரோல் செலவு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது, விட்டுடுவோம்.

ஜிம்னிக்காக அதிகமாக் கட்டறது விலையில 7.5 லட்சம், வட்டியில 3.19 லட்சம், சேர்த்து 10.69 லட்சம். இன்சூரன்ஸ் 84,000 கூட்டுங்க, விக்கும்போது வர்ற 3 லட்சத்தைக் கழிங்க. சுமார் 8.5 லட்சம்.

இப்போ வருஷத்துக்கு எத்தனை ராத்திரி வெளியில தங்குவீங்க? வேலைக்குப் போற ரெண்டு பேர், பள்ளிக்கூடம் போற பிள்ளை, அக்டோபர் நவம்பர்ல மழை, பங்குனி சித்திரையில வெயில். 12 ராத்திரி போனாலே பெரிய விஷயம். அதுல நிஜமாவே நாலு சக்கரமும் இழுத்தாதான் போக முடியும்ங்கற இடம் எத்தனை? நான் தாராளமா 3-ன்னு போடறேன். ஏழு வருஷத்துல 21.

8.5 லட்சத்தை 21-ஆல வகுங்க. ஒரு ராத்திரிக்கு 40,000 ரூபாய்!

12 ராத்திரிக்கும் பங்கு போட்டாக்கூட ஒரு ராத்திரிக்கு 10,000 தாண்டுது. எந்த ஹோட்டலைத் தவிர்க்கறதுக்காக இந்த வேன் யோசனை ஆரம்பிச்சுதோ, அந்த ஹோட்டல் 4,000 ரூபாய்தான்.

தங்க விடற இடத்துக்கு ரோடு இருக்கு

இதுதான் என் முக்கியமான வாதம். இதைக் கார் ரிவ்யூ பண்றவங்க சொல்றதில்லை.

லாஸ்பேட்டையிலேர்ந்து ஒரு ராத்திரி போய்ட்டு வரக்கூடிய இடங்களை எடுத்துக்கோங்க. ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு. கல்வராயன் மலையில வெள்ளிமலை வரைக்கும் தார் ரோடு. ஏற்காடு சொல்லவே வேண்டாம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதுல அரசு பஸ்ஸே ஏறுது. மண் பாதைன்னு வர்றது கடைசி ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர், ஏதாவது ஒரு தோட்டத்துக்கோ ஃபார்ம் ஸ்டேக்கோ போற வழி. அந்தத் தோட்டத்துக்காரர் அதே வழியில டாடா ஏஸ்ல மூட்டை ஏத்திட்டுப் போவார்.

நிஜமாவே ஃபோர் வீல் கேக்கற பாதை எங்க இருக்கு? பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள்ள. அங்க வனத்துறை அனுமதி இல்லாம நுழையறதே குற்றம், ராத்திரி தங்கறதைப் பத்திப் பேச்சே இல்லை. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 23 பேர் இறந்ததுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்கே தனி விதி வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை அரசே திறந்துச்சு. எல்லாம் முன்பதிவு, வழிகாட்டி, நடந்து போறது. வண்டிக்கு வேலையே இல்லை. ஊட்டி, கொடைக்கானல் போகணும்னா 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் வேற.

"கடற்கரை மணல்ல ஓட்டலாமே?" நம்ம கரையில ஜனவரியிலேர்ந்து சில மாசம் ஆமைகள் முட்டையிட வரும். அந்த மணல்ல சக்கரத்தை ஏத்தறதுக்கு வண்டி வாங்க வேண்டாம்.

சுருக்கமாச் சொன்னா, நம்மைத் தங்க விடற இடத்துக்கு ரோடு இருக்கு. ரோடு இல்லாத இடத்துல நம்மைத் தங்க விடறதில்லை. நடுவுல இருக்கற கொஞ்சம் இடத்துக்காக 8.5 லட்சம்.

ஈக்கோ மண் பாதையில போகுமா?

காய்ஞ்ச மண், செம்மண், சின்ன சரளை, இதுல எல்லாம் நிதானமாப் போகும். இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே, பவர் பின் சக்கரத்துக்கு. பின்னாடி டென்ட், தண்ணி கேன், அடுப்புன்னு சாமான் ஏத்தினா எடை இழுக்கற சக்கரம் மேலயே உட்காரும். மேடு ஏறும்போது அது உதவி. நிறைய முன் சக்கர டிரைவ் கார் வழுக்கற இடத்துல இது ஏறிடும்.

முடியாதது என்னன்னும் சொல்லணும். ஒரு பின் சக்கரம் பள்ளத்துல தொங்கினா அது வெறுமனே சுத்தும், வண்டி நகராது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி ஜிம்னியோட 210 மில்லிமீட்டர் அளவுக்கு இல்லை. மழையில ஆரோவில் பக்கம் செம்மண் எப்படி வழுக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நாள்ல போகவே போகாதீங்க.

இதுக்கு நான் சொல்ற கிட்: காத்தடிக்கற சின்ன கம்ப்ரஸர், பிரஷர் கேஜ், பஞ்சர் கிட், இழுக்கற பெல்ட், சக்கரத்துக்கு அடியில போடற ரெண்டு பலகை, ஒரு மண்வெட்டி. 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம். மணல்ல மாட்டினா டயர் காத்தை 30-லேர்ந்து 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்குங்க. டயர் அகலமாப் பதியும், பாதி நேரம் அதுலயே வெளியில வந்துடும். ரோடு வந்ததும் மறக்காம ஏத்துங்க. வண்டி புதுசா மாத்தறதுக்கு முன்னாடி டயரை நல்லதா மாத்துங்க. நாலு சக்கரம் இழுத்தாலும் மண்ணைத் தொடறது டயர்தான்.

ஈக்கோ வாங்கறவங்களுக்கு நாலு எச்சரிக்கை:

முதல்ல, சிஎன்ஜி மாடல் வேண்டாம். மைலேஜ் நல்லாத்தான் இருக்கும், ஆனா சிலிண்டர் பின் இடத்தைச் சாப்பிட்டுடும். படுக்க வாங்கற வண்டியில படுக்க இடம் இருக்காது.

ரெண்டாவது, பாதுகாப்பு. 2016-ல குளோபல் என்கேப் சோதனையில ஏர்பேக் இல்லாத ஈக்கோ பூஜ்யம் ஸ்டார் வாங்கிச்சு. 2025-ல ஆறு ஏர்பேக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதனால செகண்ட் ஹேண்ட் வாங்கினா வருஷத்தைப் பாருங்க, குடும்பத்தோட போறதுக்கு ரொம்பப் பழசு வேண்டாம். உயரமான, ஒல்லியான வண்டி. ஈசிஆர்ல கடல் காத்து அடிக்கும்போது 80-க்கு மேல விரட்டாதீங்க.

மூணாவது, சீட்டைக் கழட்டிட்டு நிரந்தரமாக் கட்டில், அலமாரி எல்லாம் வெல்டிங் வைக்காதீங்க. ஆர்.சி. புத்தகத்துல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணிச்சு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னும் இருக்கு. அபராதத்தை விடுங்க, ஆக்ஸிடென்ட் ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல பிடிக்கப்போறது இதைத்தான். எடுத்து வைக்கற மெத்தை, மடிக்கற பலகை, வெளியில ஒரு டென்ட் போதும். லக்கேஜா ஏத்தி இறக்கறது வேற, வண்டியை மாத்தறது வேற.

நாலாவது, இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம். கண்ணாடி எல்லாத்தையும் மூடிட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஏசியில தூங்காதீங்க. உள்ளே அடுப்பு வைக்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில கேரவனுக்குள்ள தூங்கின ரெண்டு பேர் ஜெனரேட்டர் புகையில இருந்து வந்த கார்பன் மோனாக்சைடால இறந்தாங்க. அந்த வாயுக்கு வாசனையே கிடையாது. ஜன்னலைத் திறந்து வைச்சு கொசுவலை கட்டுங்க.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் சேர்த்துக்கோங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல நம்ம கிருஷ்ணா நகர்ல தண்ணி எப்படி நின்னுச்சுன்னு பார்த்தோம். தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போனா சாதாரண பாலிசியில காசு வராது. ஃபோர் வீல் வண்டிக்கும் இதே கதைதான், இன்ஜினுக்குள்ள தண்ணி போனா எத்தனை சக்கரம் இழுக்குதுன்னு அது பார்க்காது.

அந்த மூணு ராத்திரிக்கு?

வாடகைக்கு எடுங்க. கொழுக்குமலை மாதிரி இடத்துக்கு எப்படியும் சூரியநெல்லியிலேர்ந்து உள்ளூர் ஜீப்லதான் போகணும். அந்த டிரைவருக்கு ஒவ்வொரு கல்லும் மனப்பாடம். சில ஆயிரம் ரூபாய்ல முடியும், ரிஸ்க்கும் உங்களுது இல்லை, அந்த ஊர்ல ஒருத்தருக்கு வருமானம்.

நீங்களே ஓட்டணும்னு ஆசையா? செல்ஃப் டிரைவ்ல ஃபோர் வீல் வண்டி எடுங்க. ஒரு நாளைக்கு 6,000-ன்னு வைச்சு வருஷத்துக்கு நாலு நாள் எடுத்தாக்கூட 24,000. ஏழு வருஷத்துக்கு 1.68 லட்சம். 8.5 லட்சத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கற வண்டியா எடுங்க, தெரிஞ்சவர் தெரிஞ்சவரோட வெள்ளை போர்டு வண்டி வேண்டாம். அப்புறம், மண் பாதையில ஓட்டலாமான்னு ஒப்பந்தத்தைப் படிங்க. பல கம்பெனி அதைத் தடை பண்ணியிருக்கும்.

அப்போ ஜிம்னி யாருக்கு?

ஜிம்னி மோசமான வண்டின்னு நான் சொல்லவே இல்லை. முன் சீட்டை மடிச்சா பின் சீட்டோட சேர்ந்து ஓரளவு படுக்கவும் முடியும். இந்தியாவுல செஞ்ச அஞ்சு கதவு ஜிம்னி 2025 ஜனவரியில ஜப்பானுக்குப் போனப்போ சில நாள்லயே புக்கிங்கை நிறுத்தற அளவுக்குக் கூட்டம். ஜப்பான்காரங்க வேன் வீடியோ பார்த்து நாம ஏங்கறோம், நம்ம ஊர் வண்டிக்கு அவங்க க்யூவுல நிக்கறாங்க.

மலையில நிலமோ வீடோ இருந்து மாசத்துல ரெண்டு தடவை மண் பாதையில போறீங்களா, வாங்குங்க. வருஷத்துக்கு 30 ராத்திரிக்கு மேல நிஜமாவே வெளியில தங்கறீங்களா, வாங்குங்க. நாலு வருஷ லோன்ல சம்பளத்துல 10 சதவீதத்துக்குள்ள இஎம்ஐ முடியுதா, என்கிட்ட கேக்கவே வேண்டாம், வாங்கிட்டு போட்டோ அனுப்புங்க. இதுல எதுவும் இல்லாம ஏழு வருஷ லோன்ல வாங்கினா, வண்டி ஏர்போர்ட் ரோட்டுலயும் ராஜீவ் காந்தி சிக்னல்லயும்தான் ஓடும். அங்க லோ ரேஞ்ச் கியர் போட இடம் இல்லை.

"எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா எப்படி வாழறது?"ன்னு சிலர் கேப்பீங்க. நான் ஆசையை வெட்டச் சொல்லலை. வருஷத்துக்கு 12 ராத்திரி வெளியில தூங்கறதுதான் ஆசைன்னா, அதுக்கு வேண்டியது லீவும், கையில கொஞ்சம் பெட்ரோல் காசும், மனசுல நிம்மதியும். 17,700 ரூபாய் இஎம்ஐ கட்டறவர் சனிக்கிழமை ஓவர்டைம் பார்ப்பார். 8,710 கட்டறவர் சனிக்கிழமை மலைக்குக் கிளம்புவார்.

அதனால லாஸ்பேட்டை நண்பருக்கு என் பதில்: அஞ்சு சீட்டர் ஈக்கோ, பெட்ரோல், ஏசி மாடல், நாலு வருஷ லோன். கூடவே இஎம்ஐ ஆரம்பிக்கற அதே மாசம் 9,000 ரூபாய்க்குப் பொண்ணு பேரை எழுதி ஒரு ஆர்.டி. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை: இருக்கற வண்டியிலேயே ஒரு டென்ட் எடுத்துக்கிட்டு அடுத்த மூணு மாசத்துல மூணு தடவை போய்ட்டு வாங்க. மூணாவது தடவையும் கிளம்ப வீட்டுல எல்லாருக்கும் ஆசை இருந்தா ஷோரூமுக்குப் போங்க.

உங்க சம்பளம், வருஷத்துக்கு எத்தனை ராத்திரி, பிள்ளைங்க எந்த வகுப்பு, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க. உங்க கணக்கையும் இதே மாதிரி போட்டுப் பார்த்துடலாம்.